எந்த இனம், எந்தப் பரம்பரை: மந்திரம் அரிதான ஓர் ஆட்டத்துக்கு ஆள் தேர்வு

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையைவிட்டு நகராது. ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எங்கள் குழுவில் ஆடுகிறவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் விசைப்படகில் போகிறவர், இன்னொருவர் ஐஸ் ஏற்றுகிறவர். மற்ற மாதங்களில் இந்த இரண்டு பேரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உட்கார வைப்பது பெரும்பாடு. தடைக்காலத்தில் பகலெல்லாம் வலையும் படகும் சீர்செய்கிற வேலை இருந்தாலும் சாயந்திரம் வந்துவிடுவார்கள். ஆக எட்டு, மிஞ்சினால் ஒன்பது ஞாயிறு. புது வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டை மாடி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஒருவர் கதை சொல்லி நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டு. அதன் விதிகளில், பாத்திரங்கள் முதல் நிலையில் தொடங்கி, அனுபவம் சேரச் சேர உயர்ந்து, ஐந்தாம் நிலையில் முடிகிற ஒரு கதை. நடத்துவது நான்.

இந்த வருடக் கதை நடக்கிற ஊருக்குக் கழிமுகம் என்று பெயர் வைத்திருக்கிறேன். உப்பளம், பழைய கால்வாய், அணைந்துபோன ஒரு கலங்கரை விளக்கம். அங்கே மந்திரம் மிக அரிது. மந்திரம் தெரிந்த ஒருவரை ஊர்க்காரர் ஆயுளில் ஒருமுறை பார்த்தாலே அதிகம். காயம் பட்டால் கட்டுப் போட வேண்டும், இருட்டினால் பந்தம் கொளுத்த வேண்டும், தண்ணீர் இல்லையென்றால் குடத்தோடு நடக்க வேண்டும். இப்படி ஒரு ஊரில் எந்த இனங்களை (மனிதர், எல்ஃப் மாதிரிப் பிறவி வகை) அனுமதிப்பது, எந்த வகுப்புகளை (போர்வீரர், மந்திரவாதி மாதிரிப் பயின்ற வித்தை) அனுமதிப்பது என்று ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். இதே மாதிரி ஓர் ஆட்டம் தொடங்க நினைக்கிறவர்களுக்கு எங்கள் யோசனை உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

விதி நூலைக் காசு கொடுத்து வாங்க எல்லோராலும் முடியாது. 2023 ஜனவரியில் இந்த ஆட்டத்தின் அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஜெராக்ஸ் எடுக்கலாம், தமிழில் மாற்றியும் அச்சடிக்கலாம். அது 2014 பதிப்பின் விதி. 9 இனம், 12 வகுப்பு. நாங்கள் அதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறோம். அதில் இல்லாத ஒன்றிரண்டு விதிகளை ஒரு நண்பரிடம் இருக்கும் முழு நூலிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

இனம், வகுப்பு என்ற இரண்டு சொற்களும் மேசையில் ஒலித்த முதல் நாளே எனக்கு உறுத்தின. பள்ளிக்கூட விண்ணப்பத்தில் கூச்சத்தோடு நிரப்புகிற கட்டங்கள் மாதிரி இருந்தன. அதனால் வகுப்பைப் 'பரம்பரை' என்று சொல்ல ஆரம்பித்தோம். வெளியூர்க்காரர் காதில் அது ரத்த வழியாக விழும். வடசென்னைக் குத்துச்சண்டையில் அப்படி இல்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்றால் எந்த வாத்தியாரிடம் கற்றாய், எந்த மாதிரி கை வீசுகிறாய் என்பதுதான் பேச்சு. அது கற்றுக்கொண்டு சேர்கிற இடம். விளையாட்டில் வகுப்பு என்பதும் அதேதான். ஆனால் 'இனம்' என்பதற்கு அப்படி ஒரு நல்ல மாற்றுச்சொல் கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் சொல்லில் இல்லை, அந்த விதியிலேயே இருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது.

இனத்துக்கு எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

ஒன்பதையும் திறந்துவிடுவது முதல் வழி. புதிதாக ஆட வருகிறவர்களுக்கு இது கொண்டாட்டம். ஆனால் மந்திரம் அரிதான ஊருக்குச் சுத்தமாக ஒத்துவராது. டிராகன் வழி வந்த டிராகன்பார்ன் பிறவியிலேயே மூச்சில் தீயோ நஞ்சோ ஊதும். கூர்க்காது உள்ள உயர்குல எல்ஃபுக்கும் கொம்பு முளைத்த டீஃப்ளிங்குக்கும் யாரிடமும் படிக்காமலே மந்திரம் வரும். தெருவில் ஒருவர் தீ ஊதிக்கொண்டு போகும்போது, மந்திரத்தைப் பார்த்தால் இந்த ஊர் நடுங்கும் என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? இதைவிடப் பெரிய சிக்கல் இருட்டு. ஒன்பதில் ஆறு இனங்களுக்கு 60 அடி தூரம் இருட்டில் கண் தெரியும். மனிதருக்கும் ஹாஃப்லிங்குக்கும் டிராகன்பார்னுக்கும்தான் தெரியாது. ஒரு பந்தம் ஒரு மணி நேரம் எரியும், 20 அடிக்குத்தான் நல்ல வெளிச்சம். கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில் கடைசிப் பந்தம் தணிகிற நிமிடம்தான் இந்த மாதிரிக் கதையின் உயிர். ஐந்தில் மூன்று பேருக்கு இருட்டிலும் கண் தெரிந்தால் அந்த நிமிடம் போய்விடும்.

மந்திரம் ஒட்டாத இனங்களை மட்டும் வைத்துக்கொள்வது இரண்டாவது வழி. மனிதர், டுவார்ஃப் (குட்டையான, கட்டான உடம்புக்காரர்), ஹாஃப்லிங் (அதைவிடச் சின்ன உருவம்), ஹாஃப்-ஆர்க் (பாதி மனிதர், பாதி ஆர்க் என்கிற முரட்டு உருவம்). காகிதத்தில் இது நேர்த்தியாகத் தெரியும். ஹாஃப்லிங் 20 முகப் பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம், அவ்வளவுதான் அதன் அதிசயம். டுவார்ஃபுக்கு உடல் உறுதி 2 கூடும், நஞ்சு பாதிதான் ஏறும். மலை டுவார்ஃப், குன்று டுவார்ஃப் என்று இரண்டு வகையில் குன்று டுவார்ஃபுக்கு ஒவ்வொரு நிலைக்கும் ஓர் உயிர்ப் புள்ளி, அதாவது அடி தாங்குகிற அளவு, அதிகம். சாதாரண ஆட்டத்தில் இதெல்லாம் சின்ன விஷயம். காயத்தை ஆற்ற ஆளே இல்லாத ஊரில் ஒவ்வோர் உயிர்ப் புள்ளியும் தங்கம். மந்திரம் குறையக் குறைய எல்லாப் பாரமும் உடம்பின் மேல் வந்து விழுகிறது. அப்போது பிறப்பினால் உடம்புக்கு என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்பதும் கனத்துவிடுகிறது.

ஹாஃப்-ஆர்க் விஷயத்தில் இது எனக்குச் சுரீரென்று உறைத்தது. அதற்குப் பிறவிக் குணமாக மிரட்டும் திறமை எழுதியிருக்கிறது. படிக்காமல், பழகாமல், பிறந்ததாலேயே மிரட்டுகிற ஆள். வியாசர்பாடி என்று முகவரி சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை எங்கள் குழுவில் மூன்று பேர் நேர்முகத் தேர்வில் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அந்த வரியை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வழி, எல்லோரும் மனிதர், ஆனால் உள்ளே எண்கள் பழைய இனங்களுடையவை. போன வருடம் நான் செய்தது இதைத்தான். அப்போது பெரிய சாமர்த்தியம் என்றே நினைத்தேன். கால்வாய்த் தோணிக்காரர்களுக்கு ஹாஃப்லிங்கின் எண்கள். குப்பை மேட்டில் பழைய இரும்பு தோண்டுகிறவர்களுக்கும் சாம்பல் படிந்த கழிக்கரைக்காரர்களுக்கும் டுவார்ஃபின் எண்கள், நஞ்சு தாங்கும் உடம்பு உட்பட. கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கையும் எண்ணூரையும் மனதில் வைத்துத்தான் எழுதினேன்.

எண்ணூரிலிருந்து வருகிற அக்கா ஒருவர் குழுவில் இருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது அவர் வீட்டு ஆட்கள் வாளியால் எண்ணெய் அள்ளியவர்கள். அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எங்க ஊர்ல பொறந்தா விஷம் தாங்கும்னு மட்டும் எழுதாத. எங்களுக்கும் அதே நுரையீரல்தான். தாங்கும்னு நெனச்சுத்தான் எல்லாத்தையும் எங்க பக்கம் கொண்டுவந்து கொட்டுறாங்க."

அந்தப் பக்கத்தை அன்றைக்கே எடுத்துவிட்டேன். இன்று வரை அந்த மூன்றாவது வழிக்கு நான் திரும்பவில்லை. எத்தனை அழகாகப் பெயர் மாற்றினாலும் அடியில் இருக்கும் கணக்கு, பிறந்த இடம் உடம்பைத் தீர்மானிக்கிறது என்பதுதான். அற்புத உலகத்தில், எல்ஃப் பறக்கிற கப்பலில் வருகிற இடத்தில் அது வெறும் வேடிக்கையாகப் போகலாம். நம் தெரு மாதிரியே ஒரு தெருவைக் கட்டிவிட்டு அதில் இந்தக் கணக்கை வைக்கக்கூடாது.

நான்காவது வழி, எல்லோரும் மனிதர், எண்களிலும் மனிதர். இதில் எனக்கிருந்த பயம், ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள் என்பது. 2014 விதியில் சாதாரண மனிதருக்குப் பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி மாதிரியான ஆறு திறன்களிலும் ஒன்று ஒன்று கூடும், அவ்வளவுதான். சப்பென்று இருக்கும். விருப்ப விதி ஒன்று இருக்கிறது: ஏதாவது இரண்டு திறனில் மட்டும் ஒன்று கூட்டிக்கொண்டு, கூடவே ஒரு பயிற்சியும் ஒரு தனித்திறமையும் எடுத்துக்கொள்ளலாம். இது எவ்வளவோ மேல். இதோடு 2024 பதிப்பிலிருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொண்டோம். அந்தப் பதிப்பில் திறன் கூடுவதை இனத்திலிருந்து பிரித்து, அந்த ஆள் முன்பு பார்த்த பிழைப்போடு சேர்த்துவிட்டார்கள். மாலுமியாக இருந்தவர் பலம், சுறுசுறுப்பு, விவேகம் மூன்றில் கூட்டிக்கொள்ளலாம். கயிறு இழுத்த கை, ஆடுகிற பலகையில் நின்ற கால், வானத்தைப் படித்த கண். கேட்டவுடனே படகுக்காரர் தலையாட்டினார்.

அதனால் கழிமுகத்தில் இனம் கிடையாது, பிழைப்பு உண்டு. படகு, உப்பளம், வலை, தோணி, ஏலம், விளக்கு என்று ஆறு எழுதினோம். விருப்ப விதியின் இரண்டு புள்ளிகளும் அந்தப் பிழைப்பு தருகிற திறன்களில்தான் விழும். உப்பளத்தில் வேலை பார்த்தவருக்கு உடல் உறுதி கூடும். வேலை பார்த்ததால் கூடுகிறது, அங்கே பிறந்ததால் இல்லை. யாரும் எதிலும் சேரலாம். நஞ்சு எல்லோருக்கும் முழுதாக ஏறும்.

ஹாஃப்லிங் கேட்ட தம்பி ஒருவன் இருந்தான். அவனுக்குக் குள்ளமும் அதிர்ஷ்டமும் வேண்டும். குள்ள மனிதனாக இருந்துகொள், 1 விழுந்தால் மறுபடி உருட்டுகிற சலுகையை ஏலக்காரப் பிழைப்பில் வைத்துவிடுகிறேன் என்றேன். சரி என்றான். உங்கள் குழு பள்ளிப் பிள்ளைகள் நிறைந்ததாக இருந்தால் இரண்டாவது வழியில் மனிதர், ஹாஃப்லிங், டுவார்ஃப் மட்டும் வைத்துக்கொள்வதும் நல்ல வழிதான். கதையை நம் ஊரில் வைக்காமல் மலைநாட்டில் வையுங்கள்.

அப்புறம் பரம்பரை. இதைப் பேசுமுன் ஓய்வு விதியை முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் எந்தப் பரம்பரை நல்லது என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. வழக்கமான விதியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் குறு ஓய்வு, எட்டு மணி நேரம் படுத்தால் முழு ஓய்வு, காலையில் எல்லாக் காயமும் போயிருக்கும். கரடுமுரடான ஆட்டத்துக்கென்று நூலில் ஒரு மாற்று இருக்கிறது: குறு ஓய்வு எட்டு மணி நேரம், முழு ஓய்வு ஏழு நாள். நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம். காசிமேட்டில் கை கிழிந்தவர் மறுநாளே வலை இழுப்பதில்லை.

இந்த விதி வந்ததும், வெறியேறிச் சண்டை போடுகிற பார்பேரியன் பின்தங்கிவிடுகிறார். வெறி ஏறினால் வெட்டு, குத்து, அடி எல்லாம் பாதிதான் இறங்கும். மூன்றாம் நிலையில் 35 உயிர்ப் புள்ளி உள்ளவர் 70 உள்ளவர் மாதிரி நிற்பார். காயம் ஆற்றுகிறவர் இல்லாத குழுவில் இதைவிடப் பெரிய சொத்து இல்லை. ஆனால் முதல் இரண்டு நிலைகளில் அந்த வெறி ஒரு முழு ஓய்வுக்கு இரண்டு முறைதான். ஏழு நாளுக்கு இரண்டு சண்டை என்றாகிவிடும். மூன்றாவது சண்டையில் அவர் பெரிய உடம்புள்ள சாதாரண ஆள். ஆயுதப் பயிற்சி பெற்ற போர்வீரரான ஃபைட்டருக்கு நேர் எதிர். மூச்சு வாங்கி ஒரு பத்து முகப் பகடை அளவு உயிரை மீட்பதும், இரண்டாம் நிலையில் வருகிற இரட்டைப் பாய்ச்சலும் (ஒரே முறையில் இரண்டு தடவை செயல்படுவது) குறு ஓய்விலேயே திரும்பிவிடும். ஒவ்வொரு காலையிலும் அவர் தயார். மறைந்திருந்து தாக்குகிற ரோக்குக்கோ ஓய்வுக் கணக்கே கிடையாது, அவருடைய மறைவுக் குத்து தீர்ந்துபோகிற பொருளே அல்ல.

எங்கள் மேசையில் உண்மையான சண்டை இன்னொன்றைப் பற்றித்தான் நடந்தது. எல்லோருக்கும் பாக்ஸராக ஆட ஆசை. வெறுங்கையோடு சண்டை போட பார்பேரியன், ஃபைட்டர், மாங்க் (உடற்பயிற்சியில் தேர்ந்த துறவி) என்ற மூன்று பரம்பரையில் எது?

பார்பேரியனை முதலில் ஒதுக்கினோம். வெறி பிடித்து அடிக்கிறவனை வாத்தியார் கோதாவில் ஏற்றமாட்டார். ஃபைட்டருக்கு 2020-இல் வந்த துணை விதிகளில் வெறுங்கைப் பாணி ஒன்று இருக்கிறது, கையில் ஆயுதமோ கேடயமோ இல்லாவிட்டால் எட்டு முகப் பகடை அடி, அதாவது பகடையில் விழுகிற எண்ணை வைத்துச் சேதம். ஓங்கி விடுகிற ஒரே குத்து. மாங்குக்கு முதல் நிலையில் நான்கு முகப் பகடைதான், ஆனால் அடித்த கையோடு இன்னொன்றும் விழும், இரண்டாம் நிலையிலிருந்து அசைவும் வேகம். கவசமும் வேண்டாம், சுறுசுறுப்பும் விவேகமுமே அவருக்குக் காப்பு. ஃபைட்டருக்குச் சங்கிலிக் கவசம்தான் பலம், அதன் விலை 75 தங்கக் காசு. கழிமுகத்தில் அந்தக் காசுக்கு ஒரு தோணி வாங்கலாம், தண்ணீரில் விழுந்தால் கவசம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

மாங்குக்கு எதிராகச் சொல்வது, அது மந்திரவாசம் அடிக்கிற பரம்பரை என்பது. பாதி உண்மை. ஆறாம் நிலையில் அவர் கையே மந்திர ஆயுதமாகிவிடும், ஒன்பதில் தண்ணீர் மேல் ஓடுவார். ஆனால் எங்கள் ஆட்டம் ஐந்தில் முடிகிறது. அதுவரை அவர் செய்வதெல்லாம் நல்ல பயிற்சி உள்ளவர் செய்யக்கூடியவைதான். இரண்டு கையில் பிடித்த கம்பு எட்டு முகப் பகடை, தொடர்ந்து ஒரு குத்து. இது அப்படியே சிலம்பம். அவர் செலவழிக்கிற 'கீ' புள்ளிக்குத் 'தம்' என்று பெயர் வைத்தோம். அதுவும் குறு ஓய்வில் திரும்பும். ஐந்தாம் நிலைக்கு மேல் போகாத ஆட்டத்தில் பாக்ஸருக்கு மாங்க்தான் என் முடிவு. பத்தாம் நிலை வரை போகப் போகிறீர்கள் என்றால் ஃபைட்டரை எடுங்கள்.

காயம் ஆற்றுவது யார்? கடவுளை வேண்டி மந்திரம் செய்கிற கிளெரிக்கை நான் வேண்டாம் என்றேன். காரணம் எண் இல்லை. தினமும் காலையில் வேண்டினால் தினமும் பதில் வருகிற உலகத்தில் நம்பிக்கைக்கு வேலை இல்லாமல் போகிறது. எங்கள் குழுவில் சர்ச்சுக்குப் போகிறவர், மசூதிக்குப் போகிறவர், அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர் மூவரும் உண்டு. எந்தக் கடவுள் எத்தனை முறை பதில் சொல்வார் என்று பகடையால் அளக்க எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பதில் ரோக் பரம்பரையில் திருடர் பிரிவை எடுத்தோம், திருட்டை எடுத்துவிட்டு. மனிதருக்குக் கிடைக்கிற தனித்திறமையில் வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்தால், 5 தங்கக் காசு மருத்துவப் பையை வைத்து ஒரு தடவைக்கு ஆறு முகப் பகடையோடு 4-ம், காயம்பட்டவர் நிலையும் கூட்டி உயிர் மீட்கலாம். மூன்றாம் நிலையில் சராசரி பத்துக்கு மேல். ஒரு பையில் பத்துத் தடவை. ஒருவருக்கு ஒரு குறு ஓய்வுக்கு ஒருமுறைதான். மூன்றாம் நிலையில் திருடருக்கு வருகிற கைவேகம், சண்டைக்கு நடுவிலேயே குத்திவிட்டுக் கட்டும் போட இடம் தருகிறது. புத்தூர் கட்டுக்குப் பெயர்போன ஊர்ப்பக்கம் இருக்கிற நமக்கு, கையால் எலும்பு சேர்க்கிற ஒருவர் குழுவில் இருப்பது எந்த மந்திரத்தையும்விட நெருக்கம். ஐந்து பேரில் கட்டாயம் ஒருவர் இதை எடுக்க வேண்டும் என்றே சொல்வேன்.

காட்டில் வேட்டையாடிப் பழகிய ரேஞ்சரை எடுக்கலாம் என்று நினைத்து விட்டுவிட்டேன். இரண்டாம் நிலையிலேயே ஒரு மந்திரத்தில் பத்துப் பழம் வரவழைக்கலாம், ஒரு பழம் ஒரு நாள் சாப்பாடு. பசி என்பதே கதையிலிருந்து போய்விடும். இயற்கையிலிருந்து மந்திரம் எடுக்கிற டிரூயிடும் அப்படியே, அதோடு பத்து கேலன் தண்ணீரும் வரவழைப்பார். ஏறக்குறைய 38 லிட்டர், இரண்டரைக் குடம். 2019-இல் புழல் ஏரி காய்ந்து கிடந்தபோது லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு இரண்டரைக் குடம் என்றால் என்ன என்று தெரியும். மந்திரம் கலந்த மற்றப் பரம்பரைகளான பார்ட், பாலடின், சாசரர் மூன்றும் இந்த ஊருக்குத் தேவைப்படவில்லை.

மந்திரத்துக்கு ஒரே ஒரு இருக்கை வைத்தோம். வார்லாக்கா, விசார்டா? வார்லாக் யாரோ ஒரு சக்தியிடம் ஒப்பந்தம் போட்டவர். இரண்டாம் நிலையிலிருந்து பத்து வரை இரண்டு முறைதான் மந்திரம் போடலாம், ஆனால் அது குறு ஓய்விலேயே திரும்பிவிடும். எங்கள் மெதுவான ஓய்வு விதியில் அவர்தான் லாபம் அடைவார், அது எனக்குச் சரியாகப் படவில்லை. விசார்டின் மந்திரம் ஒரு புத்தகத்தில் இருக்கிறது. அது நனையும், எரியும், களவு போகும். புது மந்திரம் ஒன்றை அதில் எழுத, மந்திரத்தின் ஒவ்வொரு படிக்கும் இரண்டு மணி நேரமும் 50 தங்கக் காசும் ஆகும். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் ஒரு புத்தகத்தைக் காப்பாற்றுவதே முழுக் கதையாகிவிடும்.

ஆனால் விசார்டை அப்படியே விடமுடியாது. ஐந்தாம் நிலையில் அவர் தீப்பந்து வீசுவார், சராசரி 28 உயிர்ப் புள்ளி சேதம். மூன்றாம் நிலை ஃபைட்டரின் மொத்த உயிரே ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் ஒரு நிலை மந்திரம் ஏறினால் அடுத்த நிலை கைத்தொழில் பரம்பரை ஒன்றில் ஏற வேண்டும் என்று வைத்தோம். ஐந்தில் நின்றாலும் விசார்டாக மூன்றுதான், தீப்பந்து எட்டாது. எத்தனை முறை வேண்டுமானாலும் வீசக்கூடிய சில்லறை மந்திரங்களில் தீக்கணையையும் வெளிச்சத்தையும் எடுத்துவிட்டோம். பந்தத்தின் விலை நிற்க வேண்டும்.

நடத்துகிறவருக்கு ஒரு வார்த்தை: இப்படிக் குழு அமைத்தால் எதிரில் விடுகிற மிருகத்தையும் பார்த்து விடுங்கள். ஓநாய்மனிதனுக்குச் சாதாரண இரும்பு படாது, வெள்ளி பூசிய ஆயுதம் வேண்டும். ஒரு ஆயுதத்துக்கு வெள்ளி பூச 100 தங்கக் காசு. அந்தக் காசைச் சேர்க்க இரண்டு ஞாயிறு கொடுக்காமல் அதை வாசலில் நிறுத்தினால் அது அநியாயம்.

ஆக, எண்ணூர் அக்கா வைத்தியம் தெரிந்த ரோக், ஐஸ் ஏற்றுகிறவர் ஃபைட்டர், பாக்ஸர் இரண்டு பேர். விசார்ட் இருக்கையைப் படகுக்காரர் கேட்டிருக்கிறார். புத்தகத்தை எதில் சுற்றி வைப்பாய் என்று கேட்டேன். கடலுக்குப் போகும்போது செல்போனை எதில் வைக்கிறோமோ அதிலேயே, இரண்டு பாலித்தீன் கவர், மேலே ரப்பர் பேண்ட் என்றார். கழிமுகத்தில் பாலித்தீன் கிடையாது. மெழுகு பூசிய துணி, 5 தங்கக் காசு என்று அவர் தாளில் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறேன்.